ஒரு ‘செக்’, பல பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கியில் நீட்டுவது செக். சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைப்பது செக். மாநில எல்லையில் லாரிகள் வரிசையாக நிற்பது செக் போஸ்ட்டில். ரயிலில் டிக்கெட் கேட்டு வருபவர் செக்கர். மருத்துவமனையில் செக்கப், விமான நிலையத்தில் செக்-இன். தமிழர் வாயில் அன்றாடம் புழங்கும் இந்த ஆங்கிலச் சொல்லைப் பற்றி எழும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

இவையெல்லாம் ஒரே சொல்தானா? ஒலி ஒத்துப்போன வெவ்வேறு சொற்களாகவும் இருக்கலாமே?

ஒரே சொல்தான். சந்தேகப்படுவதில் தவறில்லை. கிரிக்கெட் மட்டைக்கும் வௌவாலுக்கும் ஆங்கிலத்தில் பெயர் ‘பேட்’ என்றாலும், அந்த இரண்டுக்கும் பிறப்பில் உறவு கிடையாது. ‘செக்’ அப்படியல்ல. மேலே சொன்ன அத்தனையும் சதுரங்க ஆட்டத்திலிருந்து கிளைத்தவை.

கிளைகள் இரண்டு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ராஜாவைத் தாக்கும்போது ஆட்டக்காரர் போடும் குரல் ஒரு கிளை. தடுத்தல், கட்டுப்படுத்தல், சரிபார்த்தல் என்ற பொருள்கள் அதிலிருந்து வந்தன. காய்கள் நகரும் பலகை மற்றொரு கிளை. கட்டம் போட்ட துணி, பந்தய மைதானத்துக் கொடி, இங்கிலாந்தின் கருவூலம் ஆகியவை அதன் வழி வந்தவை. வங்கிச் செக்கில் மட்டும் இரண்டு கிளைகளும் பின்னிக்கொண்டன. அந்தக் கதை பின்னால் வருகிறது.

சதுரங்கத்தில் ‘செக்’ என்ற குரலுக்கு என்ன பொருள்?

‘ராஜா!’ என்று பொருள். அவ்வளவுதான். பாரசீக மொழியில் அரசனுக்குப் பெயர் ஷா. எதிராளியின் அரசன் தாக்குதலுக்கு உள்ளாகும்போது ‘ஷா’ என்று சொல்லி எச்சரிப்பது வழக்கம். அது அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய், பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ என உருமாறி, 1300-ஐ ஒட்டிய காலத்தில் ஆங்கிலத்தில் ‘செக்’ ஆகிக் கரையேறியது. முகலாய மன்னர் ஷாஜகானின் பெயரில் இருக்கும் ஷாவும் நம் பாஸ்புக்கோடு வரும் செக்கும் உறவினர்கள்.

இன்னும் பின்னால் போகலாம். ‘ஷா’ என்பது பழம் பாரசீகத்தில் ‘க்ஷாயதிய’ என்று இருந்தது. ஆள்வதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. வடமொழியின் ‘க்ஷத்ர’, அதிலிருந்து வந்த ‘க்ஷத்திரியர்’ ஆகியவையும் அதே வேரின் மக்கள். ஆக, சத்திரியரும் செக் போஸ்ட்டும் ஒரு கொடிவழியில் வருகின்றனர்.

சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது என்கிறோம். அப்படியிருக்க, சொல் மட்டும் ஏன் பாரசீகத்திலிருந்து போனது?

ஆட்டம் பாரசீகம் வழியாகப் பயணம் செய்ததால்தான். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிக்கும் ‘சதுரங்க’ என்ற பெயர் பாரசீகத்தில் ‘சத்ரங்’ ஆனது. அரபியர் அதை ‘ஷத்ரஞ்ச்’ என்றனர். அரபியர் ஆட்சியில் நெடுங்காலம் இருந்த ஸ்பெயின் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டது. இன்றும் ஸ்பானிய மொழியில் அந்த ஆட்டத்துக்கு ‘அஹெத்ரெஸ்’ என்றுதான் பெயர். காதைக் கூர்மையாக்கிக் கேட்டால் சதுரங்கம் கேட்கும்.

மற்ற ஐரோப்பியர் பலர் பெயரை விட்டுவிட்டுக் குரலைப் பிடித்துக்கொண்டனர். ஆட்டத்தில் அடிக்கடி காதில் விழுவது அதுதானே. இத்தாலியர் ‘ஸ்காக்கி’ என்றனர், பிரெஞ்சுக்காரர் ‘எஷெக்’ என்றனர். ஜெர்மானியர் சிக்கனக்காரர்கள், ஆட்டத்துக்கும் தாக்குதலுக்கும் சேர்த்து ‘ஷாக்’ என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொண்டனர். ஆங்கிலத்தின் ‘செஸ்’ என்பதும் இப்படிப் பிறந்ததே. பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ ஒருமை. அதன் பன்மை வடிவம் தேய்ந்து ‘செஸ்’ ஆனது. அதாவது செஸ் என்றாலே ‘செக்குகள்’தான்.

‘செக்மேட்’ என்றால் ‘அரசன் இறந்துவிட்டான்’ என்று படித்தேன். சரியா?

பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்தான், ஆனால் கொஞ்சம் இடறுகிறது. ‘ஷா மாத்’ என்பதில் உள்ள ‘மாத்’ என்பதற்கு அரபியில் ‘இறந்தான்’ என்று பொருள் உண்டு. பாரசீகத்திலோ அது திகைத்துப்போனவன், வழியற்று நிற்பவன் என்ற பொருளைத் தரும். பாரசீக விளக்கமே ஆட்டத்துக்குப் பொருந்துகிறது. சதுரங்கத்தில் மற்ற காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டுப் பலகையை விட்டுப் போகும். ராஜா ஒருபோதும் வெட்டுப்படுவதில்லை. போக்கிடம் இல்லாமல் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது. நண்பனைக் குறிக்கும் ‘மேட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆட்டத்தில் போடும் குரல், ‘சரிபார்த்தல்’ என்ற பொருளுக்கு எப்படி வந்து சேர்ந்தது?

படிப்படியாக. ராஜாவுக்குச் செக் விழுந்தால் மற்ற திட்டங்களை எல்லாம் ஒத்திவைத்துவிட்டு அதைத்தான் முதலில் கவனித்தாக வேண்டும். எனவே ‘செக்’ என்றால் திடீரென்று வந்த தடை. 14-ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பொருள் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. குதிரையின் கடிவாளத்தை இழுத்து நிறுத்துவதும் செக், ஒருவருடைய கையைக் கட்டிப்போடுவதும் செக். அமெரிக்க அரசமைப்பைப் பற்றிப் பேசும்போது வரும் ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ இந்தப் பொருளில் வருவதுதான். நாடாளுமன்றம், அதிபர், நீதிமன்றம் ஆகிய மூன்றும் ஒன்றை ஒன்று தடுத்து நிறுத்தும் ஏற்பாடு அது. சோதனை என்ற பொருளில் யாராவது இதை மொழிபெயர்த்தால் கருத்தே கவிழ்ந்துவிடும்.

தவறு நேராமல் தடுக்க வேண்டுமானால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் தடுத்தல் என்பது சரிபார்த்தலாக நழுவியது. 17-ஆம் நூற்றாண்டில் இந்தப் பொருள் நன்றாக ஊன்றிவிட்டது. ‘கன்ட்ரோல்’ என்ற சொல் இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்திருப்பது வேடிக்கை. அது முதலில் கணக்கைச் சரிபார்ப்பதற்கு வைத்திருந்த எதிர்ப்பதிவுச் சுருளின் பெயர். பிறகுதான் கட்டுப்பாடு என்ற பொருள் அதற்கு வந்தது.

இந்த இரண்டாம் பொருள்தான் தமிழ்நாட்டில் அதிகம் குடியேறியது. செக்கர், செக் போஸ்ட், செக்கப் எல்லாம் அதன் வாரிசுகள். செக் போஸ்ட்டில் மட்டும் பழைய பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே நிறுத்தவும் செய்கிறார்கள், சோதிக்கவும் செய்கிறார்கள்.

பிரிட்டனின் நிதியமைச்சரை ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்கிறார்களே, அதில் வருவதும் இந்தச் செக்தானா?

ஆம். இந்தச் சொல்லின் வரலாற்றிலேயே சுவையான பகுதி இதுதான், எனவே சற்று விரிவாகப் பார்க்கலாம்.

12-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசனுக்காக வரி தண்டிய அதிகாரியின் பெயர் ஷெரிஃப். ஈஸ்டரின்போதும் செப்டம்பர் இறுதியில் வரும் புனித மிக்கேல் திருநாளின்போதும் அவர் வந்து கணக்கு ஒப்படைக்க வேண்டும். கணக்குப் பார்க்கும் மேசை சுமார் பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்டது. வைத்தது உருண்டு விழாதபடி நாற்புறமும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. அதை ஆண்டுதோறும் ஈஸ்டர் சமயத்தில் வாங்குவார்கள்.

துணி எதற்கு? அந்தக் காலத்து இங்கிலாந்தில் எண்களை ரோமானிய முறையில்தான் எழுதினார்கள். அந்த எண்களை வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்த்தால்தான் வேதனை புரியும். பூஜ்யமும் இல்லை, இடமதிப்பும் இல்லை. ஆகவே கோடுகளுக்கு நடுவே இருந்த பத்திகள் இடமதிப்பைத் தந்தன. பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுனுக்கு ஒன்று, இருபது பவுனுக்கு ஒன்று, நூறுக்கு, ஆயிரத்துக்கு என்று போகும். அவற்றில் வில்லைகளை வைத்து நகர்த்திக் கணக்கிட்டனர். ஷெரிஃப் தர வேண்டியது ஒரு வரிசை. தந்தது இன்னொரு வரிசை. எழுத்தறியாதவர்கூடப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் ‘ஸ்கக்காரியம்’ என்று பெயர். மேசைக்கு ஏற்பட்ட அந்தப் பெயர் மேசையைச் சுற்றி உட்கார்ந்த அலுவலகத்துக்கும் ஏற்பட்டது. அதுதான் எக்ஸ்செக்கர்.

இதெல்லாம் நமக்குத் தெரிய வந்ததற்குக் காரணம் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற கருவூல அதிகாரி. 1170-களின் இறுதியில் லத்தீனில் அவர் ஒரு நூல் எழுதினார். அதுவும் கேள்வி-பதில் வடிவம்தான்: மாணவர் கேட்கிறார், ஆசிரியர் சொல்கிறார். இந்த அலுவலகத்துக்கு ஏன் இந்தப் பெயர் என்றும் மாணவர் கேட்கிறார். மேசை சதுரங்கப் பலகைபோல இருப்பதால் என்பது முதல் பதில். பலகையில் இரு அரசர்கள் மோதுவதுபோல இங்கே கருவூலரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்பது இரண்டாவது. வருமான வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வாங்கியவர்களுக்கு இரண்டாவது பதில் உடனே விளங்கும்.

ரசீதாக அவர்கள் தந்தது மரக்குச்சி. தொகைக்கேற்ப அதில் வெட்டு போடுவார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம். பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்கொரு பாதி. இரண்டையும் சேர்த்து வைத்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும், எனவே யாரும் ஏமாற்ற முடியாது. இந்த முறை 1826 வரை நீடித்தது. தேவையற்றுப்போன பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் உலைகளில் போட்டு எரித்தார்கள். தீ பரவி நாடாளுமன்றமே எரிந்துபோனது. இன்று தேம்ஸ் கரையில் பெரிய கடிகாரத்தோடு நிற்கும் கட்டடம் அதன் பிறகு எழுந்தது.

வங்கிச் செக்குக்கு ஆங்கிலத்தில் ஏன் இரண்டு எழுத்துக்கூட்டல்?

கதைப்படி பார்த்தால் அமெரிக்கர் எழுதும் ‘சி, எச், இ, சி, கே’ பழையது. பிரிட்டனிலும் இந்தியாவிலும் ‘க்யூ’ போட்டு எழுதுவது புதியது.

பணம் தரும்படி வங்கியாளருக்குச் சீட்டெழுதும் வழக்கம் 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் நிலைபெற்றிருந்தது. 1659-இல் 400 பவுனுக்கு எழுதப்பட்ட ஒரு சீட்டு இன்றும் இருக்கிறது. ஆனால் அப்போது அதற்குச் செக் என்று பெயர் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்றால் அடிக்கட்டை. சீட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகு கையில் மிஞ்சுவதும், மோசடி நேராமல் ஒப்பிட்டுப் பார்க்க உதவுவதும் அதுதானே. நாளடைவில் அடிக்கட்டையின் பெயர் கிழித்துக் கொடுத்த சீட்டுக்குத் தாவியது. அதன்பின் எக்ஸ்செக்கர் என்ற கௌரவமான சொல்லின் சாயலில் பிரிட்டனில் ‘க்யூ’ சேர்த்து எழுதலானார்கள். பொருள் குரல் வழி வந்தது. எழுத்துக்கூட்டல் பலகை வழி வந்தது. முதலில் சொன்ன பின்னல் இதுதான்.

காசோலை என்ற தமிழ்ச் சொல்லுக்கு இந்தச் சிக்கல் எதுவுமில்லை. காசுக்கான ஓலை, பார்த்ததும் விளங்குகிறது. இந்தியாவில் அந்த ஓலைக்கு இப்போது மூன்று மாதமே ஆயுள். 2012 ஏப்ரல் வரை ஆறு மாதமாக இருந்தது.

அரபியரின் ‘சக்’ என்ற பத்திரத்திலிருந்துதான் வங்கிச் செக் வந்தது என்கிறார்களே?

இணையத்தில் அதிகம் சுற்றும் செய்தி இது. ‘சக்’ என்ற பணமுறி இடைக்கால இஸ்லாமிய வணிகத்தில் இருந்தது உண்மை. தொலைதூர வணிகர்கள் அதைப் பயன்படுத்தியதும் உண்மை. நம் ஊரில் உண்டியல் என்ற வணிகச் சீட்டு இருந்ததைப்போல. ஆனால் ஒரு பழக்கம் முந்தியது என்பதாலேயே சொல் அங்கிருந்து வந்தது என்று ஆகிவிடாது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் அடிக்கட்டையைக் குறித்தது என்பதற்குப் பதிவுகள் இருக்கும்போது, அரபுச் சொல் நடுவே நுழைய இடமில்லை. இரண்டும் ஒலியில் நெருங்கியிருப்பது தற்செயல் என்றே கருதுகிறோம். அரபியருக்கு இந்தச் சொல்லில் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ‘ஷா’வைத் தூக்கிக்கொண்டு மேற்கே போனவர்களே அவர்கள்தான்.

கட்டம் போட்ட சட்டைக்கும் சதுரங்கத்துக்கும் உறவு உண்டா?

உண்டு, நேரடி உறவு. சதுரங்கப் பலகைபோலக் கட்டங்கள் இருப்பதால் அந்தத் துணிக்கு ஆங்கிலத்தில் செக் என்று பெயர்.

இதில் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இந்தப் பகுதிக் கைத்தறியில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி உலகச் சந்தையில் ‘மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே விலைபோனது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதைச் சடங்குகளில் உடுத்துமளவுக்குத் தங்களுடையதாக்கிக்கொண்டனர். 1950-களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் துணி அங்கே வேறுவிதமாகப் புகழ்பெற்றது. துவைத்தால் சாயம் போனது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். விற்பவர்கள் அசரவில்லை, ‘சாயம் போவதற்கு உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்து, குறையையே சிறப்பாக்கி விற்றுவிட்டார்கள். நம் வீடுகளில் கைலியை முதல் தடவை தனியாக ஊறப்போடும் அறிவு அவர்களுக்கு இல்லாமல்போனது வணிகருக்கு வசதியாகிவிட்டது.

‘செக்கர்ஸ்’ என்ற பெயரில் பிரிட்டன் பிரதமருக்கு ஒரு மாளிகை இருக்கிறதே?

பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கும் ஓய்வு இல்லம் அது. 1917-இல் நாட்டுக்குக் கொடையாக எழுதி வைக்கப்பட்டு, 1921 முதல் பிரதமர்களின் பயன்பாட்டில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் அந்த இடம் எக்ஸ்செக்கர் அலுவலர் ஒருவருக்குச் சொந்தமாக இருந்ததால் இந்தப் பெயர் என்பர். அங்கே வளரும் ‘செக்கர்’ என்ற மரத்தின் பெயர் என்பாரும் உண்டு. அமெரிக்கரின் ‘செக்கர்ஸ்’ வேறு. அது கட்டப் பலகையில் வட்டக் காய்களை வைத்து ஆடும் ஆட்டம், பிரிட்டனில் அதற்குப் பெயர் டிராஃப்ட்ஸ்.

அமெரிக்காவில் உணவகத்தில் ‘செக்’ கேட்டால் பில் கொண்டுவருகிறார்கள். ‘ரெயின் செக்’ என்றும் சொல்கிறார்கள். ஏன்?

அடிக்கட்டையின் இன்னொரு பிள்ளை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரும் சீட்டு, வில்லை, டோக்கன் எல்லாமே அங்கே செக்தான். பெட்டியை ஒப்படைத்தாலும் செக், கோட்டை மாட்டக் கொடுத்தாலும் செக், சாப்பிட்டதற்கான கணக்குச் சீட்டும் செக். பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்கலாம் என்று தந்த சீட்டுதான் ரெயின் செக். 1880-களில் தொடங்கிய வழக்கம். ‘இன்று முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்று நாசூக்காக மறுக்க இப்போது அதைச் சொல்கிறார்கள். மழைக்கும் அதற்கும் சம்பந்தமே வேண்டாம்.

‘செக் டிஜிட்’ என்பது?

நீண்ட எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் காட்டிக்கொடுப்பதற்காகக் கடைசியில் சேர்க்கும் இலக்கம். கையில் இருக்கும் புத்தகத்தின் பின்னட்டையில் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண் இருக்கும். அதன் இலக்கங்களை முறையே 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் விடை பத்தின் மடங்காக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை. ஆதாரின் பன்னிரண்டாவது இலக்கமும் இந்த வேலையைத்தான் செய்கிறது, ஆனால் கணக்கு இன்னும் நுட்பமானது. டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹாஃப் 1969-இல் வெளியிட்ட முறை அது. ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். ஐஎஸ்பிஎன் முறையில் இரண்டாவது வகைப் பிழைகள் சில தப்பிவிடும்.

நாளிதழ்களில் ‘எதிர்க்கட்சிக்குச் செக் வைத்தார்’ என்று எழுதுகிறார்களே, சரியான வழக்குத்தானா?

சதுரங்கத்திலிருந்து நேராக எடுத்த வழக்கு, தவறில்லை. ஆனால் தலைப்பைப் படித்தால் எதிராளியின் கதை முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். ஆட்டத்தில் அப்படியில்லை. செக் விழுந்தால் ராஜாவை நகர்த்தலாம், நடுவே ஒரு காயை நிறுத்தலாம், தாக்கும் காயையே வெட்டலாம். மூன்றுக்கும் வழியில்லை என்றால்தான் செக்மேட். நமது அரசியலில் செக் வாங்கியவர் அடுத்த வாரமே திருப்பி வைப்பதைப் பார்க்கும்போது, தலைப்பெழுதுகிறவர்கள் அறிந்தோ அறியாமலோ சரியாகத்தான் எழுதுகிறார்கள்.

ஆடும்போது ‘செக்’ என்று கட்டாயம் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகளில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பெரிய போட்டிகளில் யாரும் சொல்வதுமில்லை. வீட்டில் குழந்தையோடு ஆடும்போது சொல்வது நல்லது. சொல்லாமல் வென்றால் பலகை கவிழும். போட்டியில் செக் விழுந்ததைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினால் அது விதிமீறிய நகர்த்தல். மரபான ஆட்டத்தில் முதல் முறை எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகத் தருவார்கள். இரண்டாம் முறை பொதுவாக ஆட்டமே போய்விடும்.

செக் குடியரசு? எண்ணெய் ஆட்டும் செக்கு? செக்கர் வானம்?

மூன்றும் வேறு வீட்டுப் பிள்ளைகள். செக் குடியரசின் பெயர் அந்நாட்டு ஸ்லாவ் மக்களின் இனப்பெயர். அதன் ஆங்கில எழுத்துக்கூட்டல் போலந்து மொழி வழியாக வந்ததால்தான் ‘சி’க்குப் பக்கத்தில் ‘இசட்’ நிற்கிறது. வ.உ.சி. சிறையில் இழுத்த செக்கு தமிழ்ச் சொல். செக்கர் வானத்தின் செக்கரும் அப்படியே; செம்மையிலிருந்து பிறந்த அது அந்திச் சிவப்பைக் குறிக்கும், டிக்கெட் கேட்காது.